செய்திக்குக் கடைசிப் பக்கம் வைப்பது எப்படி?

இரவு பதினொன்றரை மணிக்கும் கைப்பேசியைக் கீழே வைக்க முடியாமல், காஸாவின் இடிபாடுகளையும், சூடானில் மூட்டை முடிச்சுகளோடு நடந்து செல்லும் கூட்டத்தையும், எங்கோ பற்றி எரியும் காட்டையும் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பார்த்தால் நெஞ்சு கனக்கிறது, பார்க்காமல் விட்டால் அவர்களுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள்; என் வயதுக்காரர்களும் உண்டு.

மதுரையில் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பணி ஓய்வு பெறும்வரை பார்த்துவந்தவள் நான். உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அலுவலகத்தில், கம்பி வழியே வரும் செய்திகளைத் தாளில் அடித்துத் தரும் டெலிபிரிண்டர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விடைபெற்றபோது எல்லாம் கணினித் திரைக்கு வந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் ருவாண்டா, கொசோவோ, நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள், பாக்தாத், ஆழிப்பேரலை, முள்ளிவாய்க்கால், சிரியா என்று எத்தனையோ துயரங்கள் என் மேசையைக் கடந்துதான் அச்சுக்குப் போயின. மனநல மருத்துவம் நான் படித்ததில்லை. ஆனால் கொடுமையான செய்திகளை நாள் முழுவதும் கையாண்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளை வளர்த்து, தூங்கி எழுவதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. யாரும் அதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. வேலையின் அமைப்பே அப்படி இருந்தது. இன்று அந்த அமைப்பு வாசகர் கையில் இல்லை. அதை அவரவர் வீட்டில் அவரவரே உண்டாக்கிக்கொள்ள முடியும், உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பக்கம் முடிந்தது என்று சொல்ல ஓர் ஆள்

செய்தி நிறுவனங்களிடமிருந்து ஒரு நாளில் வந்து குவிவதில் மிகச் சிறு பகுதிதான் பக்கத்தில் ஏறும். பி.டி.ஐ., ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. என்று வரும் செய்திகளைப் படித்து, எது முதல் செய்தி, எது ஒற்றைப் பத்தி, எது வேண்டாம் என்று முடிவு செய்வோம். படங்கள் அதைவிட முக்கியம். போர் நடக்கும் ஊர்களிலிருந்து வரும் படங்களில் பாதியை வாசகர் கண்ணில் காட்டவே மாட்டோம். சிதைந்த உடல், இறந்த குழந்தையின் முகம் ஆகியவற்றைப் பார்த்து, அவற்றுக்குப் பதிலாக இடிந்த சுவரையோ, வரிசையில் நிற்கும் பெண்களையோ தேர்ந்தெடுப்போம். உண்மையை மறைக்கும் நோக்கம் அதில் கிடையாது. காலையில் காபியோடு பத்திரிகையை விரிக்கும் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளையும் இருக்கும் என்ற நினைப்புதான் காரணம்.

பிறகு ஒரு நேரம் வரும். கடைசிப் பதிப்புக்கான பக்கத்தைச் செய்தி ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திடுவார். அதன்பின் எது வந்தாலும் நாளைக்குத்தான். விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புவோம். வானொலியும் அப்படித்தான். பி.பி.சி. தமிழோசைக்காக ராத்திரி ஒன்பதே காலுக்குச் சிற்றலை வானொலியைச் சுற்றி உட்கார்ந்த வீடுகளை உங்களில் பலர் அறிவீர்கள். அரை மணி நேரம் ஒலிபரப்பாகும், முடியும், பாயை விரித்துப் படுப்போம். 2017 ஏப்ரலோடு அந்த வானொலிச் சேவையும் நின்றது.

கைப்பேசியில் கடைசிப் பக்கம் என்று ஒன்று கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. அதில் எதை அடுத்துக் காட்டுவது என்று தீர்மானிக்கும் நிரலுக்கு, எட்டு வயதுப் பிள்ளை பற்றிய நினைப்பு இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் எந்தக் காட்சியில் அதிக நேரம் நின்றீர்களோ அதைப் போன்ற இன்னொன்றைத்தான் அது கொண்டுவந்து வைக்கும். அதிர்ச்சியில் உறைந்து நின்றதையும் அது விருப்பம் என்றே கணக்கு வைத்துக்கொள்கிறது.

இதன் விளைவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்தன. அதன்பின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரிடம் அவர்களது மன அழுத்தத்தைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். குண்டு வெடித்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிட, அடுத்த ஒரு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கடும் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. ஆகவே, "எனக்கு என்ன ஆயிற்று, நான் பாதுகாப்பாகத்தானே இருக்கிறேன், ஏன் இப்படிக் கை நடுங்குகிறது?" என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். உங்கள் உடல் பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட அளவு அதிகம்.

முதலில் நேரத்தைக் கட்டுங்கள்

ஒரு நாளைக்கு இரண்டு வேளை செய்தி போதும். காலையில் எழுந்த உடனே வேண்டாம். குளித்து, சாப்பிட்ட பின் இருபது நிமிடம். மாலையில் ஆறிலிருந்து ஏழுக்குள் இன்னொரு இருபது நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் இல்லை. இந்த நேரக்கணக்கு உங்கள் வேலைக்கேற்ப மாறலாம். மாறக்கூடாதது ஒன்றுதான்: படுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு மணி நேரம் செய்தி இல்லாமல் இருக்க வேண்டும்.

மன உறுதியை நம்பி இதில் இறங்காதீர்கள். உறுதி பகலில் இருக்கும், ராத்திரி களைத்துப்போகும். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே, கூடத்திலோ சமையலறை அலமாரியிலோ சார்ஜில் போடுங்கள். "அலாரம் வைக்க வேண்டுமே" என்பீர்கள். தனியாக ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

அடுத்து, செய்திச் செயலிகளின் அறிவிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டெலிபிரிண்டர் காலத்தில் மிகப் பெரிய செய்தி வந்தால் மட்டும் இயந்திரத்தில் மணி அடிக்கும். மணி கேட்டதும் அறையே திரும்பிப் பார்க்கும், ஏனென்றால் அது எப்போதாவதுதான் அடிக்கும். இன்று நடிகர் திருமணத்துக்கும் ஏவுகணைத் தாக்குதலுக்கும் ஒரே மணி. அதை அடிக்க விடுவதா வேண்டாமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தும் பொத்தான் உண்டு. வாட்ஸப்பில் படங்களும் வீடியோக்களும் தாமாகப் பதிவிறங்குவதை நிறுத்தும் வசதி உண்டு. இந்த இரண்டையும் இன்றே செய்துவிட்டால் நாளைய காலை வேறு மாதிரி இருக்கும்.

குடும்பக் குழுக்கள்தான் கடினம். காலை வணக்கப் பூவுக்கு அடுத்தே கழுத்தறுபட்ட ஒருவரின் காட்சியை அனுப்பும் சித்தப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் சண்டை போட்டு, குழுவை விட்டு வெளியேறி, அடுத்த கல்யாணத்தில் முகம் திருப்பிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. தனியாக அழைத்து, "சித்தப்பா, இந்த வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. குழுவில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். செய்தியாக எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை, பெரியவர்கள் இதைக் கேட்டு வருந்துவார்களே தவிரக் கோபப்பட மாட்டார்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் குழுவைக் காப்பகத்தில் (ஆர்க்கைவ்) போட்டுவிட்டு, மாலையில் ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள்.

பார்ப்பதைக் குறைத்துப் படியுங்கள்

என் அறிவுரைகளில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். காணொளியில் அலறல் இருக்கும், பின்னணி இசை இருக்கும், அதே காட்சி திரும்பத் திரும்ப வரும். எழுத்தில் ஒரு முறைதான் சாவு நிகழ்கிறது. காணொளியின் வேகத்தை வேறொருவர் தீர்மானிக்கிறார்; படிக்கும்போது எங்கே நிற்பது, எதைத் தாண்டுவது என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். கூடவே, எழுத்துச் செய்தியில் ஏன், எப்படி, யார் என்பதற்கு இடம் இருக்கிறது. இரண்டு நிமிடக் காட்சியில் அதற்கு இடம் இல்லை.

காட்சிகளை நம்புவதும் இப்போது எளிதாக இல்லை. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள், 2022இல் உக்ரைன் போர் என்றும் 2023இல் காஸா போர் என்றும் உலகமெங்கும் பரவின. அவற்றைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களின் கண்ணீர் உண்மையானது என்பதுதான் எனக்கு வேதனை. வாட்ஸப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கை மாறி வந்தது என்று பொருள். அதைத் திறப்பதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

முதல் நாள் செய்தியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையில் இறந்தோர் எண்ணிக்கையை அன்று மாலையிலிருந்து கடைசிப் பதிப்புவரை மாற்றிக்கொண்டே இருந்தோம். நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த தகவல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியோடு தொலைத்தொடர்பே அறுந்துபோயிருந்ததால், மிக அதிகமானோர் இறந்த அந்த இடத்தைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதினோம். மொத்தம் 14 நாடுகளில் சுமார் 2,30,000 பேர் இறந்தார்கள் என்பது தெரியப் பல மாதங்கள் ஆயின. அந்த இரவு முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, மறுநாள் காலை பத்து நிமிடம் பத்திரிகை படித்தவர்களைவிட அதிகம் தெரிந்திருக்கவில்லை. அலை திரும்பத் திரும்ப ஏறி வருவதைப் பார்த்த களைப்புதான் மிச்சம்.

ஆகவே, திரையில் சிவப்புப் பட்டை ஓடத் தொடங்கியதும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இப்போது பார்ப்பதால் நாளைக் காலை தெரியப்போவதைவிட எதுவும் கூடுதலாகத் தெரியுமா? தெரிந்தால் இன்றிரவு நான் செய்யக்கூடியது ஏதாவது மாறுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அணைத்துவிடலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆபத்து உங்கள் ஊரை நோக்கி வருகிறது என்றால் செய்தியை விடக்கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, வானிலை மையத்தின் அறிவிப்புகளைக் கேட்டு முகாம்களுக்குப் போனவர்கள் உயிர் பிழைத்தார்கள். அதுமாதிரி நேரத்தில்கூட வானிலை மைய அறிவிப்பும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் போதும். ஸ்டூடியோவில் நான்கு பேர் உரத்துப் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை.

உங்களுக்கென்று ஒரு நாடு, ஒரு பிரச்சினை

எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் சுமக்க எவராலும் முடியாது. எங்கள் மேசையில் ஆளுக்கொரு பகுதி இருந்தது. எனக்கு ஆப்பிரிக்காவும் மேற்கு ஆசியாவும். மற்றதைத் தலைப்பளவில் அறிந்துகொள்வேன். வாசகர்களும் இதைச் செய்யலாம். சூடானா, பாலஸ்தீனமா, ஈழத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களா, பருவநிலை மாற்றமா? எது உங்களை உண்மையிலேயே இழுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரலாற்றைப் படியுங்கள், வரைபடத்தைப் பாருங்கள், ஊர்ப் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தேடுங்கள். மற்ற துயரங்களை நீங்கள் கைவிட்டதாக ஆகாது. அவற்றைத் தங்கள் பகுதியாக எடுத்துக்கொண்டவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்.

இப்படி நெடுங்காலம் தொடர்வதில் ஒரு பலன் உண்டு, அதை நான் ருவாண்டாவில் கண்டேன். 1994 ஏப்ரலிலிருந்து ஜூலைவரை சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அண்டை வீட்டார் அண்டை வீட்டாரை வெட்டினார்கள். அந்தச் செய்திகளை மொழிபெயர்த்த நாட்களில், மனித இனத்தின் மீதே நம்பிக்கை போய்விட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பத்திரிகைகள் அடுத்த போருக்குப் போய்விட்டன. நான் அந்த நாட்டைத் தொடர்ந்து படித்தேன். கொலைசெய்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்ததால் வழக்கமான நீதிமன்றங்களால் தாங்க முடியவில்லை. ஊர்ப் புல்வெளியில் மக்கள் கூடி விசாரிக்கும் கச்சாச்சா என்ற பழைய முறையைப் புதுப்பித்து, 2012வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை நடத்தினார்கள். 2008 தேர்தலில், உலகிலேயே முதல்முறையாக ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் பெண்கள் பெரும்பான்மையானார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த விசாரணைகளின் நேர்மை பற்றிக் கேள்விகள் உண்டு. இன்றைய ஆட்சி மாற்றுக்குரலை நசுக்குகிறது. எல்லைக்கு அப்பால் கிழக்குக் கொங்கோவில் நடக்கும் போரில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் 1994 ஜூலையோடு படிப்பதை நிறுத்தியிருந்தால், ருவாண்டா என்றால் எனக்குப் பிணங்கள் மட்டும்தான். தொடர்ந்து படித்ததால் மனிதர்கள் தெரிகிறார்கள்.

சிரிப்பதற்கு அனுமதி

திருச்சியில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். தோழியின் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறாள். கேக் வெட்டும்போது எல்லோரும் சிரித்த படத்தைப் பிறகு பார்த்ததும் அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"பெரியம்மா, காஸாவில் என் வயதுப் பெண்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்று சாகிறார்கள். நான் கேக் சாப்பிட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்."

"நீ அந்தக் கேக்கைச் சாப்பிடாமல் இருந்திருந்தால் அந்த வரிசையில் யாருக்காவது ரொட்டி கிடைத்திருக்குமா, கண்ணு?"

"கிடைக்காது. தெரியும். இருந்தாலும் சிரிக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றுகிறது."

அவளிடம் ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர், பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து மறுவாழ்வு முகாமுக்கு மாற்றப்பட்டவர். அங்கே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போகும்போது அவரோடு பேசிக்கொண்டிருப்பேன். போர் நாட்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் பதுங்குகுழியில் நடந்த ஒரு கதையைத்தான் முதலில் சொல்வார். குழிக்குள் தவளை விழுந்ததில் பெண்கள் எல்லோரும் குண்டுச் சத்தத்தையும் மறந்து கத்தி, பிறகு சிரித்து, சிரிப்பை நிறுத்த முடியாமல் போன கதை. "அண்டைக்குச் சிரிச்சதாலதான் பிள்ளை நான் இண்டைக்கும் இருக்கிறன்" என்பார். சாவுக்கு நடுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பொங்கல் வைத்தார்கள். தொலைவில் இருக்கும் நாம் அவர்கள் பெயரால் சிரிப்பை விட்டுவிட்டால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? குற்ற உணர்வு வரும்போது அதைத் தள்ளிவிட முயலாதீர்கள். அந்த உணர்வுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்.

கைக்கு ஒரு வேலை

வேலை என்றால் எப்படிப்பட்ட வேலை? சிறியதாக இருக்க வேண்டும், தொடர்ந்து செய்வதாக இருக்க வேண்டும், முடிந்தால் ஒரு மனித முகத்தை நேரில் பார்ப்பதாக இருக்க வேண்டும்.

தொடர்ந்து என்பதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் இறந்து ஒதுங்கிய சிரியச் சிறுவனின் படம் உங்களுக்கு நினைவிருக்கும். பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், அந்தப் படத்துக்குப் பின் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த நன்கொடைகளை ஆராய்ந்தார்கள். படம் வந்த வாரத்தில் நன்கொடையாளர் எண்ணிக்கை ஒரேயடியாக எகிறியது. சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. அதே காலத்தில் மாதாமாதம் கொடுப்பதாகப் பதிவு செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் விலகவில்லை. இதயம் இளகுவது உண்மை, ஆனால் அது நிலைக்காது. அது இளகிய நேரத்திலேயே ஒரு நிலையான ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும். மாதம் நூறு ரூபாய் போதும். யுனிசெஃப், அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை இந்தியாவிலிருந்தே நன்கொடை பெறுகின்றன. அவற்றின் சொந்த இணையதளத்தில் மட்டும் செலுத்துங்கள். அழும் குழந்தையின் படத்தோடு வாட்ஸப்பில் வரும் கியூஆர் குறியீட்டுக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பணம் இல்லாவிட்டால் நேரம் கொடுங்கள். உலக அகதிகளுக்காகக் கலங்கும் பலருக்கு, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பதும், அங்கே பிறந்து வளர்ந்து பட்டம் படித்தும் குடியுரிமை இல்லாத இளைஞர்கள் இருப்பதும் தெரியாது. அவர்களுக்காக உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம். அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுக்கலாம். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் பெரியவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் இதில் சேரும். காஸாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், உதவியற்ற நிலை என்ற ஒரே உணர்வுதான் இரண்டு இடத்திலும் நம்மைத் தின்கிறது. ஓர் இடத்தில் அதை உடைத்தால் மற்ற இடத்திலும் அதன் பிடி தளர்கிறது.

நம் மண்ணில் இதைச் செய்து காட்டிய ஒருவர் இருக்கிறார். பசியைக் கண்டு வள்ளலார் பட்ட வேதனையை நாம் எல்லோரும் அறிவோம். அந்த வேதனையோடு அவர் 1867இல் வடலூரில் ஓர் அடுப்பை மூட்டினார். உலகத்துப் பசி அனைத்தையும் அந்த ஓர் அடுப்பு தீர்க்காது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இன்றுவரை அணையாமல் எரியும் அந்த அடுப்பில் தினமும் சமைக்கிறார்கள், வந்தவர்கள் சாப்பிடுகிறார்கள்.

மெதுவாக நடக்கும் செய்தி

பத்திரிகைத் தொழிலின் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திடீரென்று நடப்பதுதான் எங்களுக்குச் செய்தி. மெல்ல மெல்ல நடப்பதற்குத் தலைப்பு கிடைக்காது. 1990இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் உலகம் முழுவதும் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர். 2022இல் அது 49 லட்சமாகக் குறைந்திருந்தது. தடுப்பூசி, உப்பு சர்க்கரைக் கரைசல், சுத்தமான நீர், பிரசவத்துக்கு ஒரு செவிலியர் என்று கோடிக்கணக்கான சிறு செயல்கள் இதற்குப் பின்னால் இருக்கின்றன. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமி தாக்கிய கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு நாளும் நடந்த பெரிய செய்தி, எந்தக் குழந்தையையும் அந்தக் கிருமி தாக்கவில்லை என்பதுதான். அதை எந்த நாளின் முதல் பக்கத்தில் போடுவது? 2014 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் கொடுத்த அன்றுதான் போட முடிந்தது.

இன்று சாகும் குழந்தைகளைப் பற்றிப் பேசுபவரிடம் போய் "உலகம் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது" என்று இந்தக் கணக்கை நீட்டாதீர்கள். அது கொடுமை. 49 லட்சம் என்பதும் தாங்க முடியாத எண். எதுவும் மாறாது என்று உங்கள் மனம் ராத்திரி சொல்லும்போது, உங்களுக்கு நீங்களே எடுத்துக்காட்டிக்கொள்ளத்தான் இது. மாதம் ஒருமுறை, நீங்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினையில் பத்து வருடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள்.

வீட்டில் பிள்ளைகள், பெரியவர்கள்

"மூன்றாம் உலகப் போர் வருமா?" என்று பிள்ளை கேட்டால் உடனே பதில் சொல்லாமல், "நீ என்ன கேள்விப்பட்டாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளி வேனில் யாரோ சொன்ன ஒன்றுதான் வெளியே வரும். சண்டை எங்கே நடக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்று வரைபடத்தில் காட்டுங்கள். பொய்ச் சமாதானம் வேண்டாம். நாள் முழுவதும் செய்தித் தொலைக்காட்சி ஓடும் வீட்டில், பெரியவர்களிடம் அதை நிறுத்தச் சொல்வதைவிட அந்த நேரத்தில் வேறு எதையாவது ஓட விடுவது எளிது. தனிமைக்காகத்தான் பலர் அந்தச் சத்தத்தை வைத்திருக்கிறார்கள். அருகே போய் உட்கார்ந்து பேசினால், அணைக்கச் சொல்லாமலே ஒலியைக் குறைப்பார்கள்.

உங்கள் சொந்த மனிதர்கள் அங்கே இருந்தால்

மேலே சொன்னது எல்லாம் தொலைவில் இருந்து பார்ப்பவர்களுக்கு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது, அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர், செய்தியை அணைத்துவிட்டுத் தூங்குங்கள் என்றால் தூங்கியிருப்பார்களா? அத்தகைய குடும்பங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். செய்தி பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் மட்டும் ஏற்கட்டும், முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அவர் மற்றவர்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்லட்டும். பிள்ளையோடு பேச ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் எத்தனை மணி நேரம் காத்திருப்பது, பிறகு யாரை அழைப்பது என்று முன்பே பேசி எழுதி வையுங்கள். தூதரகத்தின் அவசர எண் சுவரில் இருக்கட்டும். அம்மா சாப்பிட்டாரா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அக்கம்பக்கத்தவர் செய்யக்கூடிய உதவி அதுதான்.

போரையோ பேரழிவையோ தாமே கடந்து வந்தவர்களுக்கு, எங்கோ நடக்கும் குண்டுவீச்சின் காட்சி பழைய நாளை அப்படியே கொண்டுவந்து நிறுத்தும். அவர்கள் காணொளிகளை முழுவதுமாக விட்டுவிடுவது நல்லது. வேண்டியதை நம்பிக்கையான ஒருவர் வாய்மொழியாகச் சொல்லட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியவில்லை, அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்துவிட்டது என்றால், செய்தியைக் குறைப்பது மட்டும் போதாது. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. இலங்கையில் இருப்பவர்கள் 1926ஐ அழைக்கலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்ற தயக்கத்தில்தான் பலர் அழைக்காமல் விடுகிறார்கள். "செய்திகளைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது" என்ற ஒரு வரி போதும். மற்றதை அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.